பழைய கான்செர்டினாவை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கான்செர்டினா (துருத்தியை இழுத்துத் தள்ளி, பொத்தான் அழுத்தி வாசிக்கும் சிறிய வாத்தியம்) கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பெயரைத்தான். பக்கப்பலகையில் ஒரு காகித லேபிளோ பொறித்த எழுத்தோ தென்பட்டால், இன்னார் செய்தது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு தொடங்குவதும் அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், வேறொருவர் பட்டறையில் செய்ததை வாங்கித் தங்கள் பெயர் போட்டு விற்ற இசைக்கடைகள் நிறைய. லாச்சனால் என்ற லண்டன் தயாரிப்பாளரின் பட்டறையிலிருந்து அப்படி ஏராளமான வாத்தியங்கள் வெளியே போயிருக்கின்றன. பெயர் உண்மையான தயாரிப்பாளருடையதாகவே இருந்தாலும் காலத்தை அது சொல்லிவிடாது. லூயி லாச்சனால் 1861-இல் இறந்துவிட்டார். அதன் பிறகு தொழிலை நடத்தியவர் அவர் மனைவி எலிசபெத், ஆனால் லேபிளில் கணவர் பெயர்தான் தொடர்ந்தது.

அதனால் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் வாத்தியத்தைக் கையில் பிடித்து வாசித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கு ஒரு தோல் வளையம், சுண்டுவிரலை வைக்க ஒரு உலோகத் தகடு என்று இருந்தால் அது பெரும்பாலும் ஆங்கில முறை, அதாவது இழுத்தாலும் தள்ளினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். அதை உருவாக்கிய லண்டன்காரர் சார்லஸ் வீட்ஸ்டன் வழி வந்தது. உள்ளங்கைக்குக் குறுக்கே தோல் பட்டை இருந்தால் ஆங்கிலோ (இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம் தரும் வகை) என்று உடனே சொல்லிவிடுவார்கள். அங்கேதான் டூயட் வகைகள் தப்பிப்போகின்றன. மெக்கன், கிரேன் என்ற டூயட் முறைகளிலும் அதே பட்டைதான். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுங்கள், பிறகு தள்ளுங்கள். இரண்டு திசையிலும் ஒரே சுரம் வந்தால் டூயட், சுரம் மாறினால் ஆங்கிலோ அல்லது ஜெர்மன் வகை. ஒரே பொத்தானை நம்ப வேண்டாம். ஆங்கிலோவிலும் சில பொத்தான்கள் இரு திசையிலும் ஒரே சுரம் தரலாம். பழைய வாத்தியத்தில் ஒரு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) பேசாமல் இருப்பதும் சாதாரணம். ஏழெட்டுப் பொத்தான்களாவது பார்த்துவிடுங்கள்.

முறையை வைத்து நாட்டைச் சொல்வது அடுத்த தவறு. இழுத்தால் ஒன்று, தள்ளினால் ஒன்று என்னும் அமைப்பு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் 1834-இல் கொண்டுவந்தது. அதை லண்டனிலும் செய்தார்கள், ஜெர்மனியிலும் செய்தார்கள், பின்னால் இத்தாலியிலும் செய்தார்கள். வெளி வடிவமும் உறுதியான சாட்சி இல்லை. சதுரமாக இருந்தால் ஜெர்மன் மரபு என்று ஊகிக்கலாம், அறுகோணமாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது. பன்னிரண்டு பக்கம் என்றால் மட்டும் லாச்சனாலின் எடியோஃபோனை முதலில் நினையுங்கள்.

நாட்டைச் சொல்வது உள்ளே இருக்கும் ரீடுகள். லண்டன் வேலைப்பாட்டில் ஒவ்வொரு ரீடும் ஒரு தனிப் பித்தளைச் சட்டத்தில் இருக்கும். மரப்பலகையில் வெட்டிய பள்ளத்தில் அந்தச் சட்டத்தைச் செருகியிருப்பார்கள். ஜெர்மன் வேலையில் நீளமான துத்தநாகத் தகடு ஒன்றிலேயே பல ரீடுகள் வரிசையாக நிற்கும். இதைப் பார்க்கத் திறந்துதான் ஆக வேண்டும். திறக்கும்போது எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் குறித்து வையுங்கள். தப்பான துளையில் போட்டு முறுக்கினால் மரை கெட்டுவிடும், ஓரங்களில் காற்றும் கசியும்.

உள்ளே போனதும் கண்ணில் படும் எண்கள்தான் அடுத்த பொறி. லாச்சனால் ஆங்கில முறைக்கு ஒரு எண் வரிசையும் ஆங்கிலோவுக்கு வேறொரு வரிசையும் வைத்திருந்தார்கள். ஒன்றின் அட்டவணையை வைத்து மற்றதன் வயதைக் கணக்கிட்டால் பல ஆண்டுகள் தள்ளிப்போகும். இன்னொரு லண்டன் தயாரிப்பாளரான சார்லஸ் ஜெஃப்ரிஸின் வாத்தியங்களில் வயதைச் சொல்லும் தொடர் எண்ணே கிடையாது. உள்ளே காணும் சிறு எண், பாகங்களைச் சேர்த்து வைக்கப் பட்டறையில் போட்டது. எண் பல இடங்களில் இருந்தால் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு வாத்தியங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம். வீட்ஸ்டன் நிறுவனம் செய்த வாத்தியங்கள் விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: அந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் பழைய ஏடுகள் விற்பனைக் கணக்குகள். அதில் இருக்கும் தேதி விற்ற நாள், செய்த நாள் அல்ல. ஒரே வாத்தியம் திரும்பி வந்து மறுபடி விற்கப்பட்டதும் உண்டு.

பென்சிலில் ஒரு பெயரும் ஆண்டும் எழுதியிருந்தால் மனம் துள்ளும். அவசரப்படாதீர்கள். ரீடுகளைச் சுருதி சேர்த்தவரும் பழுது பார்த்தவரும் அப்படி எழுதுவது வழக்கம். காப்புரிமை ஆண்டும் அப்படித்தான்: 1884 மெக்கன் காப்புரிமை பொறித்த வாத்தியம் அதற்குப் பல காலம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். துருத்தியோ எஃகு ரீடுகளோ இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கேட்கத் தொடங்கியது. 'ஜெர்மனி' என்ற முத்திரை இருந்தால் அதற்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், முத்திரை இல்லை என்பதால் மட்டும் முந்தையது ஆகிவிடாது.

தயவுசெய்து அடையாளம் தெரியும் வரை எதையும் பாலிஷ் போட வேண்டாம். மங்கிய முத்திரையும் கிழிந்த லேபிளும் ஒருமுறை போனால் போனதுதான். அப்புறம், எந்தப் பெயரும் எண்ணும் கிடைக்காத வாத்தியங்களும் நிறைய உண்டு. அப்படிப்பட்டதற்கு 'லண்டன் வேலை, ஆங்கிலோ, எஃகு ரீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி' என்று எழுதி, ரீடு பலகை, நெம்புகோல்கள், பக்கப்பலகையின் உட்புறம் ஆகியவற்றின் தெளிவான படங்களோடு சேர்த்து வையுங்கள். விவரம் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் தொடர அவ்வளவு போதும்.