கிராம சபையில பேசி ஒரு வேலை நடக்கணும்னா தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டுல கிராம சபை கூடுற நாளுங்க இதெல்லாம். 2022க்கு முன்னாடி வருஷத்துக்கு நாலு தடவைதான், இப்போ ஆறு. உங்க ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல உங்க பேர் இருந்தா போதும், நீங்க கிராம சபை உறுப்பினர், எழுந்து நின்னு கேள்வி கேக்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம், கணக்க காட்டுங்கன்னு சொல்லலாம், இதுக்கு யார் தயவும் வேண்டாம், 1994 ஊராட்சிகள் சட்டம் கொடுத்த உரிமை. ஆனா நிறைய கூட்டத்துல உக்காந்து கேட்டதுல திரும்பத் திரும்ப ஒண்ணு கண்ணுல படுது. கஷ்டம் உண்மையா இருக்கும், கோரிக்கை நியாயமா இருக்கும், பேசுறவங்களும் தைரியமா பேசுவாங்க, ஆனா அஞ்சு நிமிஷத்துல அந்தப் பேச்ச யாராவது சுலபமா உடைச்சிட்டுப் போயிடுவாங்க. அத பாக்கறப்போ ரொம்ப வருத்தமா இருக்கும். ஏன்னா உடைஞ்சது அவங்க பேசின விதம் மட்டும்தான், அவங்க கஷ்டம் அப்படியே இருக்கு.

இங்க பேசுறது பேச்சுப்போட்டி மாதிரி இல்ல. அங்க நடுவர் மார்க் போடுவார், முடிஞ்சது. இங்க எதிர்ல இருக்கவங்க ஒரு முடிவு எடுக்கணும், அது தீர்மானப் புத்தகத்துல ஏறணும், அதுக்கப்புறம் காசு ஒதுக்கி வேலை நடக்கணும். அதனால குரல் ஏத்த இறக்கம், கை அசைவு இதெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம்தான். காரணம் நிக்குதா இல்லையா, அதான் மொதல்ல.

ரொம்ப அதிகமா நடக்குற தப்பு, உள்ளத விட பெருசா சொல்றது. "இந்த ஊர்ல யாருக்குமே தண்ணி வரல"ன்னு ஆரம்பிப்பாங்க. உடனே பின்னாடி இருந்து ஒரு குரல் வரும், "எங்க வீட்டுல காலைல வந்துச்சே". அவ்வளவுதான், கூட்டம் சிரிச்சிடும், ஊராட்சி செயலர் தலைய நிமித்தி "பாத்தீங்களா"ன்னு ஒரு பார்வை பாப்பாரு, நிஜமாவே தண்ணி வராத தெரு அப்படியே கிடக்கும். யாருக்குமே, எப்பவுமே, எதுவுமேன்னு ஒரு வார்த்தை சொன்னா அத உடைக்க ஒரே ஒரு ஆள் போதும். அதே விஷயத்த "மேலத்தெரு கடைசில இருக்க எட்டு வீட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் வருது"ன்னு சொல்லிப் பாருங்க. யார் வீட்டுல வந்தாலும் இது உடையாது. சின்னதா சொன்னா பலம் குறைஞ்சிடுமோன்னு பயப்படுறாங்க, எனக்கு தெரிஞ்சு நேர்மாறா, சின்னதா சரியா சொன்னதுதான் நிக்கும்.

இங்க மணிமேகலைய பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா வாதம் எப்படி கட்டணும்னு நம்ம மொழியிலயே தெளிவா எழுதி வச்சிருக்கு, நாமதான் ஸ்கூல்ல அமுதசுரபியோட நிறுத்திட்டோம். 29ஆவது காதையில பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு தர்க்கம் சொல்லிக் கொடுக்கறார். இந்த மலையில நெருப்பு இருக்குங்கறது பக்கம், அதாவது நீ நிறுவ வந்த விஷயம். புகை தெரியுதே, அது ஏது, காரணம். அடுக்களை மாதிரிங்கறது திட்டாந்தம், எல்லாரும் பாத்த உதாரணம். அப்புறம் இது மூணுலயும் போலி எப்படியெல்லாம் வரும்னு பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலின்னு தனித்தனியா பிரிச்சு அடுக்குறார். அதுல ஏதுப்போலியில ஒரு வகை இருக்கு, அசித்தம்னு பேரு, அதுக்குள்ளயே ஒரு உட்பிரிவு என்னன்னா, நீ சொல்ற காரணத்த எதிர்ல இருக்கவன் ஒத்துக்கவே மாட்டான்னா அந்தக் காரணத்த வச்சு நீ எதையும் நிறுவ முடியாது.

கிராம சபையில பேசுற எல்லாரும் மனசுல வச்சுக்க வேண்டிய விஷயம் இது ஒண்ணுதான்னே சொல்லுவேன். நீங்க "ரோடு போட்டதுல ஊழல்"னு ஆரம்பிச்சா அவங்க இல்லம்பாங்க, நீங்க ஆமாம்பீங்க, அங்கயே கூட்டம் முடிஞ்சிரும். அவங்க மறுக்க முடியாத இடத்துல இருந்து ஆரம்பிங்க. அவங்களே வாசிச்ச வரவு செலவு கணக்கு, அவங்களே போன தடவ எழுதின தீர்மானம், அரசாங்கமே அறிவிச்ச அளவு. உதாரணத்துக்கு வீட்டுக்கு வீடு குடிதண்ணிக் குழாய் கொடுக்கற ஜல் ஜீவன் திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணின்னு அளவு வச்சிருக்காங்க. நாலு பேர் இருக்க வீட்டுக்கு 220 லிட்டர், 15 லிட்டர் குடம்னா கிட்டத்தட்ட 15 குடம். "எங்க தெருவுல குழாய் வச்சிருக்கு, திட்டத்துல 15 குடம் வரணும், நாங்க எழுதி வச்சிருக்கோம், ஒரு வாரமா தினமும் அஞ்சு குடத்துக்கு மேல வரல"ன்னு ஒரு அக்கா நோட்ட கையில வச்சுக்கிட்டு சொன்னா, அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? 55 லிட்டர் அவங்க நம்பர். குழாய் அவங்க வச்சது. இவங்க சேத்தது அந்த அஞ்சு குடம் மட்டும்தான், அதையும் வந்து பாருங்கன்னு கூப்பிடலாம். கத்தவே வேண்டாம்.

அடுத்தது காரணம் தப்பா மாட்டிக்கறது. மழைக்காலம் முடிஞ்சு வர்ற கூட்டத்துல கட்டாயம் ஒருத்தர் சொல்லுவாரு, "சாக்கடைய அள்ளல, அதனாலதான் எங்க தெருவுல டெங்கு". கோபம் சரிதான், சாக்கடை நாறுதுங்கறதும் சரிதான். ஆனா டெங்குவ பரப்புற ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேங்கி நிக்கற நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், டிரம்மு, தொட்டி, பழைய டயர், தேங்கா சிரட்டை. கூட்டத்துக்கு சுகாதார ஆய்வாளர் வந்திருந்தாருன்னா எழுந்து இதையே சொல்லுவாரு, "உங்க வீட்டு டிரம்ம மூடி வைங்க"ன்னு முடிச்சிடுவாரு, இப்போ குத்தவாளி நீங்க ஆயிட்டீங்க, சாக்கடை பேச்சும் அதோட போச்சு. சாக்கடை அள்ளணும்னு கேக்க டெங்கு எதுக்கு? அது வீட்டு வாசல்ல தேங்குது, மழை பெஞ்சா உள்ள வருது, குழந்தைங்க தாண்டிப் போகுது, அதுவே போதுமான காரணம். பலமான காரணம் ஒண்ணு இருக்கும்போது கூட ஒரு பலவீனமானத சேத்தா, எதிராளி பலவீனமானதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவாரு. இது எல்லா ஊர்லயும் நடக்குது, எல்லா டிவி விவாதத்துலயும் நடக்குது. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நடந்துச்சுங்கறதால மொதலாவதுதான் ரெண்டாவதுக்குக் காரணம்னு ஆயிடாது, அப்படி சொல்லறதுக்கு முன்னாடி அது இல்லாத தெருவுல என்ன நிலைமைன்னு ஒரு நடை போய் பாத்துட்டு வாங்க.

உதாரணத்துலயும் இதே கதைதான். "பக்கத்து ஊராட்சியில பார்க்கே கட்டிட்டாங்க, இங்க ஒரு லைட்டு போட முடியல". பக்கத்து ஊராட்சி மக்கள்தொகை என்ன, அங்க கம்பெனி இருந்து சொத்து வரி வருதா, அது எந்தத் திட்டத்துல வந்த காசு, இது எதுவும் தெரியாம சொன்னா ஒரே வரியில "அவங்களுக்கு வருமானம் வேற"ன்னு தள்ளிடுவாங்க, தள்ளறது நியாயமும்கூட. ஒப்பிடணும்னா நம்ம ஊருக்குள்ளயே ஒப்பிடுங்க. ஒரே ஊராட்சி, ஒரே நிதி, இந்தத் தெருவுல இத்தனை கம்பத்துல லைட் எரியுது, அந்தத் தெருவுல இத்தனை. ஊர் எல்லைல ஒதுக்கி வச்ச தெரு மக்கள் "எங்களுக்கு மட்டும் செய்யறதில்ல"ன்னு சொன்னா "எப்ப பாரு இதே புலம்பல்"னு அடக்கிடறாங்க, அது எவ்வளவு பெரிய அநியாயம்னு தெரிஞ்சும் ஊர் சும்மா உக்காந்திருக்கும். அதே ஆளுங்க கம்பத்த தெரு வாரியா எண்ணிட்டு வந்து வாசிச்சா அடக்கறது அவ்வளவு லேசு இல்ல. அவங்க கஷ்டத்த நிரூபிக்கற பாரம் அவங்க மேலயே விழறது நியாயம் இல்லதான், ஆனா இன்னைக்கு நிலைமைக்கு அந்த எண்ணிக்கை பெரிய ஆயுதம்.

ஆள திட்டறது பத்தி நீளமா சொல்லத் தேவையில்ல. தலைவர் எந்த கட்சி, அவர் மச்சான் பேர்ல எத்தனை கான்ட்ராக்ட், போன எலக்ஷன்ல யாருக்கு ஓட்டு போட்டாங்க, இதெல்லாம் வந்த நிமிஷமே ஊர் ரெண்டாப் பிரிஞ்சிடும், உங்க பக்கம் நியாயம் இருக்குன்னு நினைச்சவங்ககூட சொந்தக்காரங்க பக்கம் போயிடுவாங்க. கான்ட்ராக்ட்ல சந்தேகம் இருந்தா அந்த வேலையோட எஸ்டிமேட்டு, அளவு, பில்லு இதைக் கேளுங்க, ஆளோட பேர் வேண்டாம். இதுல மறுபக்கமும் இருக்கு. கேள்வி கேக்கறவங்கள பாத்து "நீ வரி கட்டிட்டியா, நீ இந்த ஊர்லயா இருக்க, வெளியூர்ல வேலை பாக்கறவனுக்கு என்ன"ன்னு திருப்புவாங்க. அப்போ சூடாகாதீங்க. "வரி ரசீது இருக்கு, காட்டறேன், நான் கேட்ட கேள்வி லைட்டு பத்தி, அதுக்கு பதில் சொல்லுங்க"ன்னு அதே இடத்துக்கு திரும்பி வாங்க. எத்தனை தடவ இழுத்தாலும் அத்தனை தடவ திரும்பி வாங்க.

அப்புறம் என்ன வேணும்னே சொல்லாம உக்காந்துடறது. பத்து நிமிஷம் மனசு உருகப் பேசுவாங்க, கேக்கறவங்களுக்கு கண்ணு கலங்கும், முடிச்சதும் "சரிம்மா, பாக்கலாம்"னு தலைவர் சொல்லுவாரு, முடிஞ்சது. என்ன பாக்கணும்? யாரு பாக்கணும்? எப்போ? பேச வர்றதுக்கு முன்னாடியே கடைசி வாக்கியத்த எழுதிட்டு வாங்க, "மேலத்தெருவுக்கு தனி வால்வு வைக்கணும்னு இந்த கிராம சபை தீர்மானிக்கணும்"னு நேரா. ஊராட்சி கையில எது இருக்கு எது இல்லைன்னும் பாத்துக்கங்க. தெருவிளக்கு, குடிதண்ணி, தெரு சாக்கடை, ஊராட்சி ரோடு இதெல்லாம் அவங்க வேலை. பட்டா மாத்தறது வருவாய்த்துறை, மெயின் ரோடு நெடுஞ்சாலைத்துறை, பஸ் நிக்கலேன்னா போக்குவரத்துக் கழகம். இதுக்கெல்லாம் ஊராட்சிய திட்டி பிரயோஜனம் இல்ல, "இன்ன துறைக்கு இத அனுப்பணும்"னு தீர்மானம் கேக்கலாம், அது வேற கோரிக்கை, வேற வாக்கியம்.

கூடவே ஒரே மூச்சுல ஒம்போது குறை சொல்றதும் வேண்டாம். தண்ணி, ரேஷன், சுடுகாட்டுப் பாதை, நாய்த் தொல்லைன்னு அடுக்கினா பதில் சொல்றவருக்குத்தான் சௌகரியம், நாய்க்கு மட்டும் பதில் சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிடுவாரு. ஒரு ஆள் ஒரு விஷயம். மத்தத பக்கத்துல இருக்கவங்களுக்குப் பிரிச்சுக் கொடுங்க.

தனியாவே வந்து தனியாவே பேசறதும் பெரிய குறை. நாலு பேர் முன்னாடியே உக்காந்து பேசிக்கிட்டா, ஒருத்தர் நிலைமைய சொல்லலாம், ஒருத்தர் கணக்க வாசிக்கலாம், ஒருத்தர் "நிதி இல்ல"ன்னு வரப்போற பதிலுக்குத் தயாரா இருக்கலாம். அந்தப் பதில் நிச்சயமா வரும், அதனால கணக்கு வாசிக்கும்போதே எந்தத் தலைப்புல எவ்வளவு மீதி இருக்குன்னு குறிச்சு வைங்க. பெண்கள் பல ஊர்ல பின்வரிசையில உக்காந்துடறாங்க, மைக் அங்க போறதே இல்ல, பக்கத்துல ரெண்டு பேர் "அக்கா பேசட்டும்"னு சொன்னாதான் மைக் நகருது. அத சொல்ல ஆள் வேணும். கோரமும் (கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது இத்தனை பேர் இருக்கணும்ங்கற கணக்கு) கவனிங்க, 500 பேர் வரைக்கும் இருக்க ஊருக்கு 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300 பேர் இருக்கணும். கையெழுத்துப் போட்டுட்டு பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகு பேசினா கேக்க யார் இருக்கா, அதனால உங்க விஷயத்த முன்னாடியே எழுதிக் கொடுத்து கூட்டப்பொருள்ல சேக்கச் சொல்லுங்க.

உணர்ச்சியோட பேசலாமா கூடாதான்னு கேப்பாங்க. தாராளமா பேசலாம். தண்ணி புடிச்சிட்டு போறதுல பொண்ணு தினமும் ஸ்கூலுக்கு லேட்டா போறான்னு ஒரு அம்மா சொல்றது நாடகம் இல்ல, அதுதான் விஷயமே. தப்பு எங்கன்னா, அந்த வலிய சொல்லிட்டு அதோட நிறுத்திடறது. வலிய சொன்ன கையோட கணக்கையும் கோரிக்கையையும் சொல்லிடுங்க. இல்லேன்னா ஆறுதல் கிடைக்கும், வால்வு கிடைக்காது.

கடைசியா, பேசி முடிச்சதும் கிளம்பிடறது. உங்க பேச்சு ஜெயிச்சிருச்சு, எல்லாரும் கை தூக்கிட்டாங்க, சரி. ஆனா புத்தகத்துல "குடிநீர் பிரச்சனை குறித்து நடவடிக்கை எடுக்க தீர்மானிக்கப்பட்டது"ன்னு ஏறியிருந்தா நீங்க கேட்டது அதுல எங்கயுமே இல்ல. எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதி, எப்போக்குள்ள, இது நாலும் வாக்கியத்துல இருக்கணும்னு கேட்டு, கூட்டத்த கவனிக்க ஒன்றியத்துல இருந்து வந்திருக்க அதிகாரி, அதாவது பற்றாளர் முன்னாடி சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க. தீர்மான நகல் கொடுக்க இழுத்தடிச்சா பத்து ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், 30 நாளுக்குள்ள பதில் தரணும். அந்த நகல் கையில இருந்தா அடுத்த கூட்டத்துல நீங்க ஒண்ணுமே புதுசா வாதாட வேண்டாம், அதையே எடுத்து வாசிச்சாப் போதும்.