காப்பிக் களத்திலிருந்து ஒரு கணக்கு: இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்ப்பது எப்படி?

ஏற்காட்டுத் தோட்டங்களில் பறித்த காப்பியைக் காயவைக்க சிமெண்ட் களம் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு களம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைவிட நீளம் 4 மீட்டர் அதிகம். பரப்பளவு 96 சதுர மீட்டர். அகலம் எவ்வளவு?

சேலம் அம்மாப்பேட்டையில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இருபடிச் சமன்பாடு என்றதும் பேனாவை மூடிவைக்கிற பிள்ளைக்கு முதலில் இந்தக் களத்தைத்தான் நோட்டில் வரையச் சொல்வேன். ஒரு செவ்வகம், அதன் இரண்டு பக்கங்கள், நடுவில் 96. அவ்வளவுதான் படம்.

அகலத்தை 'அ' என்று எழுதுவோம். புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும். ஆனால் 'அ' என்று எழுதினால், நாம் தேடுவது அகலத்தைத்தான் என்பது கடைசி வரி வரைக்கும் மறக்காது. நீளம் அ + 4.

அ × (அ + 4) = 96

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "மிஸ், அப்போ அ = 96, இல்லேன்னா அ + 4 = 96, சரிதானே?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். சரியில்லை. இரண்டு எண்களைப் பெருக்கி 96 வந்தால் அந்த எண்கள் 2, 48 ஆக இருக்கலாம், 6, 16 ஆக இருக்கலாம், பின்னமாகக்கூட இருக்கலாம். ஒன்றும் நிச்சயமில்லை. ஆனால் பெருக்கி வந்தது பூச்சியம் என்றால், இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். இந்தச் சலுகையைப் பூச்சியம் மட்டும்தான் தருகிறது. காரணிப்படுத்தும் முறை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. அதனால் எந்தச் சமன்பாடாக இருந்தாலும் முதல் வேலை, எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கத்தைப் பூச்சியமாக்குவது.

அ² + 4அ − 96 = 0

இனி இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கினால் −96, கூட்டினால் +4. பெருக்கற்பலன் மைனஸ் என்பதால் ஒன்று ப்ளஸ், மற்றது மைனஸ். ஆகவே 96-இன் காரணி ஜோடிகளில் எதற்கு வித்தியாசம் 4 என்று தேடினால் போதும். 1, 96-க்கு வித்தியாசம் 95. 2, 48-க்கு 46. 3, 32-க்கு 29. 4, 24-க்கு 20. 6, 16-க்கு 10. 8, 12-க்கு 4. கிடைத்துவிட்டது. வித்தியாசம் எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது பாருங்கள். வேண்டிய வித்தியாசம் சின்னது என்றால் 1-இலிருந்து தொடங்க வேண்டாம். 96-இன் வர்க்கமூலம் 10-க்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்தே தேடுங்கள். கூடுதல் +4 என்பதால் பெரிய எண்ணுக்கு ப்ளஸ்: +12, −8.

நடு உறுப்பைப் பிரிப்போம்:

அ² + 12அ − 8அ − 96 = 0
அ(அ + 12) − 8(அ + 12) = 0
(அ + 12)(அ − 8) = 0

இதில் இரண்டாவது வரியைப் பாருங்கள்: இரண்டு அடைப்புக்குள்ளும் ஒரே கோவை வரவேண்டும். வராவிட்டால் குறியில் எங்கேயோ தவறு. குறிப்பாக −8-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே குறி மாறுவதைக் கவனியுங்கள்.

அ = −12 அல்லது அ = 8. மைனஸ் 12-ஐப் பார்த்துப் பயந்து, தாள் கிழியும் அளவுக்கு அழிக்கிற பிள்ளைகள் உண்டு. அழிக்காதீர்கள். சமன்பாட்டுக்கு அதுவும் மூலம்தான். இரண்டையும் எழுதிவிட்டு, "அகலம் குறை எண்ணாக இருக்காது, எனவே அ = 8" என்று காரணத்தோடு விடுங்கள். களம் 8-க்கு 12. பரப்பு 96.

அ²-க்கு முன்னால் ஓர் எண் இருந்தால்? 2அ² + 7அ − 15 = 0. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: −30. கூடுதல் 7. எண்கள் +10, −3.

2அ² + 10அ − 3அ − 15 = 0
2அ(அ + 5) − 3(அ + 5) = 0
(அ + 5)(2அ − 3) = 0

அ = −5 அல்லது 3/2. மற்றபடி முறை அதேதான்.

ஜோடி அகப்படவே இல்லையென்றால் தன்மைகாட்டியைப் பாருங்கள்: நடுக்கெழுவின் (அ-க்கு முன்னால் உள்ள எண்) வர்க்கத்திலிருந்து, முதல் கெழு (அ²-க்கு முன்னால் உள்ள எண்), மாறிலி (கடைசி எண்) இரண்டின் பெருக்கற்பலனைப்போல் 4 மடங்கைக் கழிக்க வேண்டும். களக் கணக்கில் மாறிலி −96 என்பதால் கழித்தல் கூட்டலாகிவிடும்: 16 + 384 = 400, அதாவது 20-இன் வர்க்கம். முழு வர்க்கம் வந்தால் ஜோடி நிச்சயம் உண்டு, விடாமல் தேடுங்கள். பரப்பு 90 என்றிருந்தால் 16 + 360 = 376. முழு வர்க்கம் இல்லை. அதற்குச் சூத்திர முறைக்குப் போய்விடுங்கள், நேரம் மிச்சம்.

கடைசியாக, சேலம்–ஏற்காடு பஸ். தூரம் 30 கிலோமீட்டர் என்று கொள்வோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வேகம் மணிக்கு 'வ' கிலோமீட்டர். இறங்கும்போது 10 கூடுதல், அதனால் அரை மணி நேரம் குறைகிறது.

30/வ − 30/(வ + 10) = 1/2

பின்னங்களை நீக்க, இரு பக்கமும் 2வ(வ + 10)-ஆல் பெருக்குங்கள். இடப்பக்கம் 60(வ + 10) − 60வ, அதாவது 600. வலப்பக்கம் வ(வ + 10).

வ² + 10வ − 600 = 0
(வ + 30)(வ − 20) = 0

வேகம் குறை எண் ஆகாது, எனவே வ = 20. மேலே போக ஒன்றரை மணி நேரம், மணிக்கு 30-இல் இறங்க ஒரு மணி நேரம். வித்தியாசம் அரை மணி.