செவ்வாயில் குடியேறுவது பற்றிப் பேசப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளிகளில் வானியல் பேசக் கிளம்பும் இளைஞர்களின் ஒத்திகையைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது என் வேலைகளில் ஒன்று. தலைப்பு எதுவானாலும் பிள்ளைகள் கடைசியில் செவ்வாய்க்குத்தான் வருவார்கள்: போனால் அங்கேயே இருந்துவிடலாமா? இதற்குப் பதில் சொல்லும்போது புதியவர்கள் விழும் குழிகள் ஆண்டுக்காண்டு மாறுவதே இல்லை. ஆரம்பத்தில் எல்லோரும் விழுந்தவைதான். குளிர், தூரம் போன்றவற்றை யாரும் கோட்டைவிடுவதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

போக ஆசைப்படுபவரைக் கேலி செய்வது

நெதர்லாந்தின் மார்ஸ் ஒன் நிறுவனம் 2012-ல் ஒருவழிப் பயணத்தை அறிவித்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்ததாக அதுவே சொல்லிக்கொண்டது. 2015-ல் நூறு பேரைத் தேர்ந்தெடுத்தது, 2019-ல் திவாலானது. இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பது சுலபம். ஆனால் அந்த ஈர்ப்பு பொய்யில்லை. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். நம் உடம்புக்குப் பழகிய கணக்கு. தரைக்கடியில் பனிக்கட்டி உண்டு. எவரெஸ்ட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமான ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை அங்கே நிற்கிறது. சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகிறது. ஆசைப்பட இது போதாதா?

செடி வைத்தால் மூச்சுக்குக் கவலையில்லை என்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். போன முறையும் ஒரு தம்பி தக்காளிச் செடிகள் நிறைந்த குவிமாடப் படத்தைத் திரையில் போட்டு, "ஆக்சிஜன் பிரச்சினை தீர்ந்தது" என்று அடுத்த படத்துக்குத் தாவினார். நிறுத்தச் சொன்னேன். தீர்ந்ததா, அங்கேதானே தொடங்குகிறது?

அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடி வளாகத்துக்குள் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்று ஏக்கர். உள்ளே காடு, வயல், குட்டிக் கடல்கூட உண்டு. செடிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் சுமார் பதினாறு மாதத்தில் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. உரம் கொழித்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவாவது காற்றில் மிஞ்சியிருந்தால் செடிகள் எடுத்து ஆக்சிஜனாகத் திருப்பித் தந்திருக்கும். அதையும் கட்டடத்தின் சிமென்ட் உறிஞ்சிக்கொண்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். செவ்வாயில் "வெளியிலிருந்து" என்று ஒன்று கிடையாது.

சரி, குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். 2014-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று மார்ஸ் ஒன் திட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது நேர்மாறான சிக்கல் வந்தது. மனிதர் வாழும் அறையிலேயே முழு உணவுக்கும் பயிர் வளர்த்தால், விளையும் பருவத்தில் ஆக்சிஜன் தீப்பற்றும் அளவுக்கு ஏறுகிறது. காற்றை வெளியேற்றினால் நைட்ரஜனும் கூடவே போகிறது. நைட்ரஜன் இருப்புத் தீர்ந்ததும் அழுத்தம் சரிகிறது. 68-ஆம் நாள் வாக்கில் முதல் மரணம். மார்ஸ் ஒன் இதை மறுத்தது, போகட்டும். ஒரு இடத்தில் செடி இருந்தும் ஆக்சிஜன் போதவில்லை, இன்னொன்றில் செடியாலேயே மிஞ்சியது. தம்பி அதற்குள் படத்தை அழித்திருந்தார்.

ஏன் இப்படி? கண்மாயில் ஒரு கைப்பிடி தீவனம் அழுகினால் மீனுக்குத் தெரியாது. வீட்டுத் தொட்டியில் அழுகினால் விடிவதற்குள் எல்லாம் மிதக்கும். பூமியின் காற்று அவ்வளவு பெரியது என்பதால் நம் பிழைகள் உடனே தெரிவதில்லை. ஆகவே "எவ்வளவு ஆக்சிஜன் தயாரிப்பீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். கூடினால் எங்கே போகும், குறைந்தால் எங்கிருந்து வரும், நைட்ரஜனை யார் ஈடுகட்டுவார் என்று கேளுங்கள்.

மாக்சி கருவியைச் சாதனையாக மட்டும் சொல்வது

சாதனைதான். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன இந்தச் சோதனைக் கருவி செவ்வாய்க் காற்றிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. ஒருவருக்கு மூன்றரை மணி நேரத்துக்கு வரும்.

கண்ணாடிக் குவிமாடத்தில் வாழ்வதுபோல் படம் காட்டுவது

நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்த் தரையில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட். பூமியில் ஒரு நாளில் ஒருவர் சராசரியாக வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சு அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். அங்கே நிரந்தரமாகத் தங்குகிறவர் பெரும்பாலும் மண்ணுக்கடியில்தான் இருக்க வேண்டும். ஜன்னலோரக் காட்சிக்காகப் போகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"ஏதாவது ஆனால் திரும்பிவிடலாம்"

ஏவுவதற்கு ஏற்ற காலம் 26 மாதத்துக்கு ஒருமுறை. பயணமே ஆறேழு மாதம். குடல்வால் வீங்கினால் அது காத்திருக்காது.

"பூமி கெட்டுப்போனால் அங்கே போகலாம்"

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. செவ்வாயில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பூமி எவ்வளவு கெட்டால் அதைவிட மோசமாகும்?

செவ்வாயில் மனை வாங்கியதாகச் சொல்பவரிடம் வாதாடுவது

1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் அங்கே உரிமை கொண்டாட முடியாது. பத்திரத்தை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளட்டும், நீங்கள் அடுத்த கேள்விக்குப் போங்கள்.