அணைக்கட்டு, கால்வாய், குளம்: மூன்றுக்கும் ஒரே படங்கள் டேபிள்

தாமிரபரணிப் பாசனத்தைப் பதிவு செய்ய, பிஎச்பி மொழிக்கான ஃப்ரேம்வொர்க்கான லாரவெல்லில் ஒரு சின்ன செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டு, கால்வாய், குளம் என மூன்று மாடல்கள் (மாடல் என்பது ஒரு டேபிளுக்கான கிளாஸ்). சுத்தமல்லி அணைக்கட்டு, அங்கே பிரியும் நெல்லைக் கால்வாய், அதில் தண்ணீர் பெறும் நயினார்குளம் என்று எல்லாவற்றுக்கும் படம் சேர்க்க வேண்டும். மாடலுக்கு ஒரு பட டேபிள் போட்டால், நாளைக்கு மதகுக்கும் படம் கேட்கும்போது நாலாவது டேபிள் முளைக்கும். இதற்குத்தான் லாரவெல்லின் டேட்டாபேஸ் கருவியான எலோக்வென்ட்டில் பாலிமார்பிக் உறவு இருக்கிறது: ஒரே டேபிள் பல மாடல்களோடு சேரும் உறவு.

1. மைக்ரேஷன்

டேபிளை உருவாக்கும் மைக்ரேஷன் கோப்பில், இமேஜஸ் டேபிளுக்குப் படத்தின் பாதையை வைக்க ஒரு ஸ்ட்ரிங் வையுங்கள். அப்புறம் 'மார்ஃப்ஸ்' மெத்தடை 'இமேஜபிள்' என்ற பெயரோடு அழையுங்கள். இமேஜபிள்_ஐடி, இமேஜபிள்_டைப் என்ற இரண்டு நெடுவரிசைகளையும் அவற்றுக்கான இண்டெக்ஸையும் அந்த ஒரு வரியே உருவாக்கிவிடும்.

ஏன் இரண்டு? நெல்லைக் கால்வாயின் ஐடி 3. குளங்கள் டேபிளில் நயினார்குளத்தின் ஐடியும் 3. வெறும் 3 மட்டும் இருந்தால் படம் எதனுடையது? டைப்பில் 'குளம்' என்று இருந்தால்தான் அது நயினார்குளத்துப் படம்.

2. மாடல்கள்

இமேஜ் மாடலில் 'இமேஜபிள்' என்ற மெத்தட் எழுதி, அதில் 'மார்ஃப்டூ'வைத் திருப்பித் தாருங்கள். மற்ற மூன்று மாடல்களிலும் 'இமேஜஸ்' என்ற மெத்தட், அதில் 'மார்ஃப்மெனி'. அதற்கு இமேஜ் கிளாஸையும் 'இமேஜபிள்' என்ற அதே பெயரையும் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது.

3. சுருக்கப் பெயர்

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இதுதான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், டைப்பில் நேம்ஸ்பேஸோடு முழு கிளாஸ் பெயர் போய் உட்காரும். பின்னால் கிளாஸை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் பழைய படங்கள் எல்லாம் உறவறுந்து நிற்கும். ஆகவே முதல் படம் ஏறுவதற்கு முன்பே, ஆப்சர்வீஸ்ப்ரொவைடரின் 'பூட்' மெத்தடில் 'என்ஃபோர்ஸ்மார்ஃப்மேப்' எழுதி, 'குளம்' என்றால் இந்த கிளாஸ் என்று மூன்றையும் குறித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத மாடல் வந்தால் லாரவெல் உடனே பிழை காட்டும். அது நல்லதுதான்.

4. சேமிப்பதும் எடுப்பதும்

குளத்தின் இமேஜஸ் உறவில் 'கிரியேட்' அழைத்துப் பாதையைக் கொடுங்கள். ஐடியும் டைப்பும் தானே நிரம்பும். படங்களைப் பட்டியலிடும்போது 'வித்' போட்டு இமேஜபிளையும் சேர்த்தே எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு குவெரி ஓடும்.

5. நீக்கும்போது

சரி, குளத்தை நீக்கினால் அதன் படங்கள்? ஒரே நெடுவரிசை மூன்று டேபிள்களைக் காட்டுவதால் இங்கே ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் நெடுவரிசையை இன்னொரு டேபிளோடு கட்டிவைக்கும் விதி, போட முடியாது. டேட்டாபேஸ் காவல் நிற்காது. இரண்டே மாடல்கள், எண்ணிக்கை இனி ஏறாது என்றால் தனித்தனி ஃபாரின் கீயே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். மற்றபடி, மாடலின் 'டிலீட்டிங்' ஈவென்ட்டில் படங்களை நீக்கிவிடுங்கள். குவெரி வழியாக மொத்தமாக நீக்கும்போது அந்த ஈவென்ட் எழாது; அங்கே படங்களை நீங்களே முதலில் நீக்க வேண்டும்.