நாரி போகமுதல் சீற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் கிணறு வெட்டினாலும் அத்திவாரம் போட்டாலும் கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். பிறகு மண் தோண்டும் பெக்கோ மெசினில் பிரேக்கர் என்ற கல்லுடைக்கும் சுத்தியலைப் பூட்டாமல் வேலை நகராது. நாரி நோவென்று படுக்கும் ஒப்பரேட்டருக்கு ஊரார் வயதைக் காரணம் சொல்வார்கள். காரணத்தில் பாதி சீற்றுக்கு அடியில் கிடக்கும்.

ஜேசிபி போன்ற பெக்கோவுக்கு லொறியைப் போல வில்லுத்தகடு கிடையாது. நிலத்துக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் நடுவில் இருப்பது ரயரும் சீற்றும்தான். அதனால் காலையில் வேலை தொடங்கமுதல் இரண்டு நிமிடம் சீற்றுக்குக் கொடுங்கள்.

பக்கெற்றை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, உங்கள் முழுப் பாரத்தையும் சீற்றில் விட்டு இருங்கள். சீற் மேலும் கீழும் அசையும் தூரத்தின் நடுவில் நிற்கும்வரை எடைக் குமிழை, அதாவது ஆளின் எடைக்கேற்ப சீற் ஸ்பிரிங்கை இறுக்கும் குமிழை, திருப்புங்கள். இருந்தபடியே எம்பிப் பாருங்கள். அடியில் ‘டக்’ என்று இடித்தால் இன்னும் இறுக்க வேண்டும். கடைசிவரை இறுக்கியும் இடித்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இனி இறங்கி நின்று சீற்றைக் கையால் அமத்தி விடுங்கள். ஒருதரம் எழும்பி அடங்கினால் சரி. ஊஞ்சல்போல ஆடினால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. பெரும்பாலும் அதைச் சுற்றி ஒயில் கசிந்திருக்கும். மாற்றத்தான் வேண்டும். மேலே ஸ்பொஞ்ச் போடுவது வைத்தியமில்லை. விநாடிக்கு 4 முதல் 6 தரம் வரும் ஆட்டம்தான் முள்ளந்தண்டை அதிகம் குலுக்கும். ஸ்பொஞ்ச் அதைத் தடுக்காது, சிலவேளை கூட்டியும் விடும்.

60 கிலோ ஆள் இறங்கி 95 கிலோ ஆள் ஏறினால் குமிழை மறுபடி வைக்க வேண்டும். இதை ஒருவரும் செய்வதில்லை.

பின்பக்க வேலைக்கு சீற்றை முழுதாகத் திருப்பிப் பூட்டுங்கள். உடம்பை மட்டும் முறுக்கி, கழுத்தைத் திருப்பி, அதே நேரம் அதிர்வும் வாங்குவதுதான் முள்ளந்தண்டின் தட்டுகளைச் சீக்கிரம் கெடுக்கும்.

பிரேக்கரால் ஒரே இடத்தில் 15, 20 விநாடிக்கு மேல் குத்தாதீர்கள். உடையாவிட்டால் உளியைக் கல்லின் விளிம்போரம் மாற்றி வையுங்கள். கல் பிளந்த கணமே பெடலை விடுங்கள். வெறும் அடி போல்ற்றையும் முறிக்கும், ஆளையும் உலுப்பும்.

காது 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணித்தியாலம்தான் தாங்கும். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதி. ஏசி பழுதென்று கதவைத் திறந்து ஓடினால் தூசியும் சத்தமும் சேர்ந்து வரும், காதடைப்பான் கட்டாயம்.

இறங்கும்போது குதிக்காதீர்கள். மெசினைப் பார்த்தபடி, இரு கையும் ஒரு காலும், அல்லது இரு காலும் ஒரு கையும் எப்போதும் பிடியில் இருக்க இறங்குங்கள். இறங்கியவுடன் 20 லீற்றர் டீசல் கானைத் தூக்கவும் வேண்டாம். அது கிட்டத்தட்ட 17 கிலோ. அஞ்சு பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

நோ முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் விறைத்தால், எண்ணெய் தேய்ப்பதை விட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். சீற்றில் படும் பிட்டமும் கவட்டுப் பக்கமும் மரத்து, சலம் கட்டுப்படாமல் போனால் அல்லது போகாமல் நின்றால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.