வெள்ளி இறகு வாங்கப் போகிறீர்களா?

சின்னம் கைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நான் சேர்ப்பது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 'வாஸ்ப்' பெண் விமானிகள் சட்டையில் குத்திக்கொண்ட வெள்ளி இறகுகள். பயிற்சியை முடித்தவர்களே 1,074 பேர்தான். அதனால் அசல் அபூர்வம், போலி ஏராளம்.

1943-இன் முதல் ஏழு வகுப்புகளின் சின்னத்தில் நடுவே கேடயம், அதில் வகுப்பு எண். அந்த டிசம்பரில் முடித்த எட்டாம் வகுப்பிலிருந்து சாய்சதுரம். 1944-ஆம் வருட வகுப்பு என்று சொல்லிக் கேடயத்தை நீட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பின்னால் 'ஸ்டெர்லிங்' (92.5 சதவீத வெள்ளி) என்று அடித்திருந்தாலும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொண்டுவந்த, 0.01 கிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது. சின்னத்தை நிறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிளாஸ் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, சின்னத்தை நூலில் கட்டி, கிளாஸில் எங்கும் படாமல் முழுக்க மூழ்கத் தொங்கவிடுங்கள். ஊக்கில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் 10.3 பக்கம் வரவேண்டும். ஊக்கு வேறு உலோகமென்றால் கொஞ்சம் குறையும். எட்டரைதான் வருகிறதா, முலாம் பூசிய பித்தளை.

வெள்ளியிலேயே செய்த நகல் இதில் சிக்காது. விமானியின் பெயர், வகுப்பு, சீருடைப் படம் கேளுங்கள். பயிற்சியிலும் பணியிலுமாக 38 பெண்கள் இறந்தார்கள். ராணுவக் கணக்கில் சேர்க்காததால், உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகளே காசு திரட்டியதும் உண்டு. 1977-இல்தான் முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடைத்தது. பெயர் தெரியாத இறகை வாங்கிவைக்க எனக்கு மனசு வராது.

தேய்க்கவே தேய்க்காதீர்கள். கருத்துக் கிடக்கிறதே என்று என் முதல் இறகை உம்மா பாசமாகப் பற்பொடி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளத்தது. ஆனால் தூவிக்குத் தூவி கோடுகள் மழுங்கிப் போயின. இன்னும் அதை எடுக்கும்போதெல்லாம் விரல் அந்த இடத்தைத்தான் தடவுகிறது.

கீழக்கரையில் கடல்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். துணிக்கு வெளியே ஒரு துண்டுக் காகிதத்தில் விமானியின் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை இந்த ஈரத்தில் ஊறிவிடும்.