இலங்கையின் வடமேற்கே கற்பிட்டிக் கடலில் ஸ்பெர்ம் திமிங்கலத்தைத் தேடுவது எப்படி?

முதலில் எடுக்க வேண்டியது கடல் வரைபடம். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் முக்கிய இரை ஆழ்கடல் கணவாய். அதற்காக அது 400 முதல் 1,200 மீட்டர் வரை மூழ்கும். ஆகவே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) முடிந்து கடலடி சரேலென்று இறங்கும் விளிம்பை ஒட்டியே படகை ஓட்டுங்கள். கரையோரத்தில் சுற்றினால் டால்பின்தான் கிடைக்கும்.

கற்பிட்டிக்கு மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தபின் கிழக்கே திருகோணமலைக்குப் போய்விடுங்கள். அங்கே ஆழ்கடல் பள்ளத்தாக்கு துறைமுகம் வரை வருகிறது. விடியற்காலையிலேயே கிளம்புங்கள். காற்று ஏறி அலை நுரைத்துவிட்டால் மூச்சுப் பீச்சலைப் பிரித்தறிவது கடினம்.

அந்தப் பீச்சல்தான் அடையாளம். நீலத் திமிங்கலத்துக்கு நெட்டாக, உயரமாக எழும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்குத் தாழ்வாக, புதர்போல, முன்பக்கம் இடதாகச் சாய்ந்து வரும். ஒற்றை மூக்குத்துளை தலைநுனியில் இடப்பக்கம் இருப்பதே காரணம்.

நீருக்கடி ஒலிவாங்கியான ஹைட்ரோஃபோன் இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்குங்கள். நொடிக்கு ஒன்றிரண்டாக 'டக், டக்' என்று சீராகக் கேட்டால் கீழே இரை தேடுகிறது. முக்குளிப்பு 45 நிமிடம் போல நீளும். பொறுமையிழந்து படகை நகர்த்துவதுதான் பெரிய தவறு.

மேலே வந்ததும் எட்டுப் பத்து நிமிடம் மூச்சு வாங்கும். பின்பக்கவாட்டிலிருந்து மெதுவாக, 100 மீட்டராவது விலகி, இணையாகச் செல்லுங்கள். முன்னால் போய் மறித்தால் போதிய மூச்சு எடுக்காமலே மூழ்கிவிடும். வெப்பக் கடலில் கூட்டமாக வாழ்பவை தாய்களும் குட்டிகளும். வளர்ந்த ஆண்கள் குளிர்கடல்களுக்குப் போய்விடும். குட்டி தெரிந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

வால் செங்குத்தாக எழுந்ததா? மறுபடி ஆழத்துக்கு மூழ்குகிறது. உடனே நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.